ஒரு பரப்பு வளவில் எத்தனை கோழி?

யாழ்ப்பாணத்துக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் மாணவிகள் புத்தூர்ப் பக்கம் போனால், நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றைப் பார்க்காமல் திரும்புவதில்லை. வற்றாத கிணறு என்று பெயர் பெற்றது அது. மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர் என்பது அதன் சிறப்பு. கிணற்றை எட்டிப் பார்ப்போம், படம் எடுப்போம், பஸ்ஸில் ஏறிவிடுவோம். ஆனால் அந்தக் கிணற்றுக்கும் சுற்றியுள்ள கிளுவை வேலிகளுக்குப் பின்னால் மேயும் கோழிகளுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. இக்கட்டுரை அதைப் பற்றியது.

வீட்டுத் தோட்டத்தில் நாலு கோழி வளர்த்தால் முட்டைக்குக் கடைக்குப் போகத் தேவையில்லை என்ற எண்ணம் இப்போது பல வீடுகளில் எழுந்திருக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் பெரும்பாலானோர் முதலில் கேட்பது, "குஞ்சு என்ன விலை?" என்பதையே. முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "நமது வளவு எத்தனை கோழியைத் தாங்கும்?"

கோழிக்கு ஏன் இடம் வேண்டும்?

நமது நாட்டின் தேசியப் பறவை காட்டுக்கோழி. நாம் வீட்டில் வளர்க்கும் கோழி, தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வாழும் சிவப்புக் காட்டுக்கோழியின் வழிவந்தது. பல ஆயிரம் ஆண்டுகள் மனிதனோடு வாழ்ந்த பின்னும் அதன் பழக்கங்கள் காட்டுப் பறவையின் பழக்கங்களாகவே இருக்கின்றன.

ஒரு கோழியை ஒரு நாள் முழுவதும் கவனித்துப் பாருங்கள். விடிந்ததும் இறங்கி மண்ணைக் கிளறும். கிளறிக் கொத்துவதுதான் பகலில் அதன் முக்கிய வேலை. தீனித் தட்டில் வயிறு நிறையக் கிடைத்தாலும் கிளறுவதை நிறுத்தாது. வெயில் ஏறியதும் நிழலில் ஒதுங்கி, காய்ந்த புழுதியில் புரண்டு சிறகுகளுக்குள் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும். அது விளையாட்டன்று. சிறகில் ஒட்டும் பேன், உண்ணிகளை அகற்றும் குளிப்பு. முட்டையிடும் நேரத்தில் இருட்டான ஒரு மூலையைத் தேடும். பொழுது பட்டதும் உயரமான இடத்தில் ஏறி அடையும்.

ஆகவே கோழிக்கு இடம் என்று சொல்லும்போது நாம் ஓர் இடத்தைச் சொல்லவில்லை. இரவில் அடைய ஓரிடம், முட்டையிட ஓரிடம், பகலில் கிளற ஓரிடம், புழுதி குளிக்க ஓரிடம், வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஓரிடம். இவற்றில் எது குறைந்தாலும் கோழி அதை முட்டையிலோ, இறகிலோ, நோயிலோ காட்டிவிடும்.

அன்று விட்டு வளர்த்தோம்

"எங்கள் காலத்தில் இதெல்லாம் பார்த்தா வளர்த்தோம்? காலையில் கூட்டைத் திறந்தால் கோழி தானாக மேய்ந்துவிட்டு மாலையில் வந்து அடையும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் அன்று ஒரு வீட்டுக் கோழி மேய்ந்தது ஒரு வீட்டு வளவில் அல்ல. வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து நாலைந்து வளவுகளிலும், ஒழுங்கையிலும், அறுவடை முடிந்த தோட்டங்களிலும் மேய்ந்தது. கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு கோழிக்கும் அன்று தாராளமான நிலம் இருந்தது.

இன்று அந்த வளவுகள் பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கப்பட்டுச் சிறுத்துவிட்டன. வேலி இருந்த இடத்தில் மதில் வந்துவிட்டது. ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறது. புத்தூரின் செம்மண் நிலத்தில் வெங்காயமும் மரக்கறியும் பயிரிடுபவர்கள், அயல் வீட்டுக் கோழி வந்து நாற்றுகளைக் கிளறினால் பொறுத்துக்கொள்வார்களா? கோழிச் சண்டை அயலவர் சண்டையாக முடிந்த கதை எந்த ஊரில்தான் இல்லை? எனவே விட்டு வளர்க்கும் பழைய முறையைச் சிறிய வளவில் அப்படியே பின்பற்ற முடியாது.

அதற்கு எதிர்ப்புறத்தில் இருப்பது கம்பிக்கூட்டு முறை. பெரும் பண்ணைகளில் முட்டைக் கோழியைக் கம்பிக் கூட்டில் அடைத்து வளர்ப்பது பல நாடுகளில் வழக்கமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் அத்தகைய வெறும் கூட்டில் ஒரு கோழிக்குக் கொடுக்க வேண்டிய மிகக் குறைந்த இடம் 550 சதுர சென்ரிமீற்றராக இருந்தது. நீங்கள் பரீட்சை எழுதும் ஏ4 தாளின் பரப்பு ஏறக்குறைய 624 சதுர சென்ரிமீற்றர். அதாவது ஒரு தாளைவிடச் சிறிய இடத்தில் ஒரு கோழியின் முழு வாழ்வும் கழிந்தது. 2012 ஜனவரி முதல் அங்கு இவ்வகைக் கூடுகள் தடைசெய்யப்பட்டுவிட்டன. அதே ஒன்றியத்தில், வெளியில் மேயும் கோழியின் முட்டை என்று பெயரிட்டு விற்பதானால் ஒரு கோழிக்கு 4 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய 43 சதுர அடி வெளிநிலம் இருக்க வேண்டும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கோதான் நமது வீட்டு வளவு இருக்கிறது.

நெருக்கினால் என்ன நடக்கும்?

நோர்வே நாட்டைச் சேர்ந்த தோர்லெய்வ் ஷெல்டெரப் எப்பே என்பவர் சிறுவனாக இருந்தபோதே வீட்டுக் கோழிகளைப் பார்த்துக் குறிப்பு எழுதி வந்தார். கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு என்பதை 1920களின் தொடக்கத்தில் அவர் எடுத்துக்காட்டினார். வரிசையில் மேலே உள்ள கோழி கொத்த வரும்போது கீழே உள்ளது விலகிப் போய்விடும். அதோடு சண்டை முடிந்துவிடும். விலகிப் போக இடம் இருக்கும்வரை இது ஒழுங்கு. இடம் இல்லாதபோது அதுவே கொடுமையாகிறது. கொத்து வாங்கும் கோழி முதுகு மொட்டையாகி, தீனிக்கு வரப் பயந்து, முட்டையை நிறுத்தி, மூலையில் ஒடுங்கும். ஒரு முறை இரத்தம் கண்டால் மற்றக் கோழிகளும் அந்த இடத்தையே கொத்தத் தொடங்கும்.

இரண்டாவது, நோய். நெருக்கமான கூட்டில் எச்சம் விரைவில் சேர்ந்து ஈரமாகிறது. ஈர எச்சத்திலிருந்து அமோனியா கிளம்பிக் கோழியின் கண்ணையும் சுவாசத்தையும் வருத்துகிறது. நாம் நிமிர்ந்து நின்று, "மணம் இல்லை" என்று சொல்லக் கூடாது. குனிந்து கோழியின் தலை உயரத்தில் மூக்கை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே கண் கரித்தால் கூடு நெருக்கமாகிவிட்டது என்று பொருள். குஞ்சுகளைக் கொல்லும் இரத்தக் கழிச்சல் நோயின் கிருமி வெப்பமும் ஈரமும் உள்ள நிலத்தில் ஓரிரு நாட்களிலேயே தொற்றும் நிலையை அடைந்துவிடும். வடகீழ்ப் பருவ மழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் சேறாகிப்போன சின்ன அடைப்பில் குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாவதற்கு இதுவும் ஒரு காரணம். வெள்ளைக் கழிச்சல் வந்தாலோ ஒரு கோழியிலிருந்து மற்றக் கோழிகளுக்குப் பரவ அதிக நேரம் எடுக்காது. அதற்குத் தடுப்பூசி உண்டு. பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரித்துக் காலத்துக்குப் போட வேண்டும். ஆனால் தடுப்பூசி இடத்துக்கு ஈடாகாது.

மண்ணுக்குக் கீழே இருப்பது

மூன்றாவது காரணம் புத்தூருக்கும் வலிகாமம் முழுவதற்கும் மிக முக்கியமானது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் நிலத்தடி நீரையே மக்கள் நம்பி வாழ்ந்தனர். மேலே செம்மண் படை, அதன் கீழே மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லில் வெடிப்புகளும் குகைகளும் நிறைய உண்டு. மழை நீர் அவற்றின் வழியே இறங்கி, அடியில் உள்ள உவர்நீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. நிலாவரையில் நாம் கண்ணால் பார்ப்பது இதைத்தான்.

மழை நீர் எளிதாக இறங்கும் வழியில் அழுக்கும் எளிதாக இறங்கும். ஒரு கோழி நாளொன்றுக்கு 100 கிராமுக்குக் குறையாமல் எச்சமிடும். ஆறு கோழியானால் ஆண்டுக்கு 200 கிலோகிராமுக்கு மேல். கோழி எச்சத்தில் நைதரசன் அதிகம். அது மண்ணில் நைத்திரேற்றாக மாறுகிறது. பயிர் உண்டால் அது உரம். பயிரில்லாத வெறும் நிலத்தில் குவிந்தால் மழையோடு கரைந்து கிணற்றுக்குப் போகிறது.

குடாநாட்டின் விவசாயப் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று அதிகம் என்பது பல ஆண்டுகளாக ஆய்வாளர்கள் சொல்லிவரும் விடயம். செயற்கை உரமும் மலசலகூடக் குழிகளும் கால்நடைக் கழிவும் அதற்குக் காரணங்கள். குடிநீரில் ஒரு இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு இது பெரிய ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை இழந்து குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். தாய்மார் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்று: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

ஆகவே கோழிக்குப் போதிய இடம் கொடுப்பது கோழிக்கு மட்டும் செய்யும் நன்மையன்று. ஓரிடத்தில் விழும் எச்சம் அந்த இடத்து மண்ணும் செடியும் ஏற்கக்கூடிய அளவுக்குள் இருக்க வேண்டும். கூடினால் அது நமது வாளியில் திரும்பி வரும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு பரப்பு வளவை எடுத்துக்கொள்வோம். ஒரு பரப்பு 10 பேர்ச், ஏறக்குறைய 2720 சதுர அடி. வீடும் விறாந்தையும் 1100 சதுர அடி. கிணறு, உடுப்புத் தோய்க்கும் இடம், மலசலகூடம் எல்லாமாக 300. முற்றமும் நடைபாதையும் 500. முருங்கை, வாழை, தென்னைக்கு 250. கத்தரி, மிளகாய், கீரைப் பாத்திகளுக்கு 300. மிச்சம் 270 சதுர அடி. இதுதான் கோழிகளின் பங்கு.

இதில் கூட்டுக்கு 30 சதுர அடி போனால் 240. இதை 120 சதுர அடி கொண்ட இரண்டு அடைப்புகளாகப் பிரிக்க வேண்டும். ஒன்றில் கோழி மேயும்போது மற்றது ஆறி இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிட்டால், ஆறும் நிலம் வெயிலில் காய்ந்து கிருமி குறையும், புல்லும் மீண்டும் முளைக்கும். கீரை விதைத்தால் சேர்ந்த உரத்தை அது எடுத்துக்கொள்ளும். கோழிக்கு 20 சதுர அடி வீதம் 120 சதுர அடியில் ஆறு கோழி வளரலாம். விடை ஆறு. பத்தும் இல்லை, பதினைந்தும் இல்லை.

"ஆறு கோழியால் என்ன ஆகும்?" என்று கேட்கலாம். ஊர்க்கோழி அடைகாக்கும் காலம் போக ஆண்டுக்கு ஏறக்குறைய 60 முதல் 80 முட்டை இடும். ஆறு கோழிக்கு நாளொன்றுக்கு ஒரு முட்டைக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னும் வேண்டுமானால் கோழியின் எண்ணிக்கையைக் கூட்டாமல் இனத்தை மாற்றலாம். நல்ல தீனி கொடுத்தால் கலப்பின முட்டைக் கோழி இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடும். ஆறு சுகமான கோழி இடும் முட்டையை, நெருக்கடியில் வாடும் பன்னிரண்டு கோழி இடாமலும் போகலாம்.

இங்கே பலர் தவறும் ஓரிடம் உண்டு. ஒரு கோழியைப் பத்துப் பன்னிரண்டு முட்டைகளோடு அடைக்கு வைப்போம். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். மஞ்சள் குஞ்சுகளைக் கண்டு வீடே மகிழும். நாலு மாதத்தில் அவை வளர்ந்து, ஆறு கோழிக்கான அடைப்பில் பதினாறு நிற்கும். அவற்றில் ஏறக்குறைய பாதி சேவல். அவை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். எனவே அடை வைக்கும் அன்றே, பொரிக்கும் குஞ்சுகளில் எதை வைத்திருப்பது, எதை அறுப்பது, எதை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்துவிட வேண்டும்.

அமைக்கும் முறை

ஆறு கோழிக்கு 6 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட கூடு போதும். நிலத்திலிருந்து இரண்டடி உயர்த்திக் கால்களில் நிறுத்தினால் வெள்ளமும் பாம்பும் அணுகுவது குறையும். கூரைக்குக் கிடுகோ பனையோலையோ குளிர்ச்சி தரும். தகரம் போட்டால் மேலே ஓலை பரப்ப வேண்டும். கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து இளைத்தே வெப்பத்தைப் போக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூடு அடுப்பாகிவிடும்.

உள்ளே அடைவதற்கு ஒரு கோழிக்கு 8 அங்குலம் வீதம் உருண்டையான தடி வேண்டும். ஆறு கோழிக்கு நாலடி போதும், ஐந்தடி இருந்தால் நல்லது. முட்டையிட ஓரடிச் சதுரமான இரண்டு பெட்டிகளைத் தடியைவிடத் தாழ்வாக வைக்க வேண்டும். உயரத்தில் வைத்தால் கோழிகள் அவற்றில் அடைந்து அசுத்தப்படுத்தும். தடிக்குக் கீழே ஒரு பலகையில் உமியோ மரத்தூளோ பரப்பினால் இரவு எச்சம் முழுவதும் அதில் விழும். காலையில் வழித்தெடுத்துக் குப்பைக் கிடங்கில் இலை, சருகோடு கலந்து மூடிவிட்டால் சில மாதங்களில் நல்ல பசளை. பச்சை எச்சத்தை நேரே செடியின் அடியில் போட்டால் வேர் கருகிவிடும்.

அடைப்பைச் சுற்றி ஐந்து, ஆறடி உயரத்துக்குக் கம்பி வலை. அதன் அடியை அரையடி மண்ணுக்குள் புதைத்தால் கீரியும் நாயும் தோண்டி வராது. இரவில் மரநாய் வரும், ஆகவே மாலையில் கூட்டுக் கதவை மறக்காமல் பூட்ட வேண்டும். ஒரு மூலையில் கூரைக்குக் கீழே, மழை படாத இடத்தில் காய்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்த புழுதிக் குழி. பூவரசோ முருங்கையோ நிழல் தந்தால் வேறு பந்தல் தேவையில்லை.

எல்லாவற்றிலும் முக்கியம், கூடும் குப்பைக் கிடங்கும் கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும். நமது கிணற்றிலிருந்து மட்டுமல்ல, மதிலுக்கு அப்பால் இருக்கும் அயலவர் கிணற்றிலிருந்தும்தான். நிலத்தடி நீருக்கு வேலி கிடையாது. ஒரு பரப்பு வளவில் இந்தத் தூரம் பெரும்பாலும் எதிர் மூலையில்தான் கிடைக்கும். அங்கும் கிடைக்காவிட்டால் கூட்டுக்குச் சீமெந்துத் தரை போட்டு, எச்சத்தை நாள்தோறும் அள்ளி, கோழியின் எண்ணிக்கையை மூன்றாகவோ நாலாகவோ குறைக்க வேண்டும். அதற்கும் வழியில்லையென்றால் அந்த வளவு கோழிக்கு ஏற்றதல்ல என்று ஏற்றுக்கொள்வதே நேர்மை.

நமது பொறுப்பு

ஒரு பூனையைக் கட்டிவைத்து, தானும் தீனி போடாமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் கதி பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். அடைத்து வளர்ப்பவர் அந்தப் பிராணியின் முழுத் தேவைக்கும் பொறுப்பாளி என்பது அதன் கருத்து. அழுக்கைத் தின்று திரியும் பிராணியை உண்பது பற்றியும் மார்க்கத்தில் எச்சரிக்கை உண்டு. அத்தகைய கோழியை மூன்று நாள் அடைத்துவைத்துச் சுத்தமான தீனி கொடுத்த பின்னரே இப்னு உமர் (ரழி) அவர்கள் உண்டார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. அயலவருக்குத் தீங்கு செய்யாதிருப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. கோழியின் சுகம், நமது உணவின் சுத்தம், அயலவரின் கிணறு ஆகிய மூன்றும் அந்த 240 சதுர அடியில் சந்திக்கின்றன.

மாணவிகளே, அடுத்த விடுமுறையில் ஓர் அளவு நாடாவை எடுத்து உங்கள் வளவை அளந்து பாருங்கள். உம்மாவும் வாப்பாவும் கூட இருக்கட்டும். கிணறு எங்கே, அயலவர் கிணறு எங்கே, நிழல் எங்கே, மழை நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு தாளில் வரையுங்கள். மிஞ்சும் இடத்தைக் கண்டு, அதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இருபதால் வகுங்கள். வரும் விடைதான் உங்கள் கோழிகளின் எண்ணிக்கை. விடை மூன்று என்று வந்தால் மூன்றையே வாங்குங்கள். குஞ்சு விற்பவர் பத்துக்கு விலை குறைத்துத் தருகிறேன் என்று சொன்னாலும் அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு மூன்றோடு வீட்டுக்கு வாருங்கள்.